ரிக்ஷாவிலிருந்தும் சமையலறையிலிருந்தும்

எழுத்தாளராவதற்குப் படிப்பு வேண்டும், ஓய்வு வேண்டும், பத்திரிகை அலுவலகத்தில் தெரிந்தவர் வேண்டும் என்பார்கள். இவற்றில் எதுவும் இல்லாத இருவரை வங்க மொழி தன் எழுத்தாளர்களாக ஏற்றுக் கொண்டிருக்கிறது.

1980-களின் தொடக்கம். கல்கத்தா ஜாதவ்பூரில் ரிக்ஷாவில் ஏறிய அம்மையாரிடம், வண்டிக்காரர் 'ஜிஜீவிஷா' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டார். உயிர் வாழ வேண்டும் என்ற வேட்கை என்று விளக்கிய அம்மையார், அந்தச் சொல் அவருக்கு எங்கே கிடைத்தது என்று விசாரித்தார். வண்டிக்காரர் மனோரஞ்சன் வியாபாரி. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பத்தின் பிள்ளை. பள்ளிக்கூடம் போகாதவர், எழுத்து கற்றது சிறையில். அம்மையார், பிரபல எழுத்தாளர் மகாசுவேதா தேவி! தாம் நடத்திய 'பர்த்திகா' இதழுக்கு, ரிக்ஷா ஓட்டும் பிழைப்பைப் பற்றியே எழுதித் தரச் சொன்னார்.

எழுத்து சோறு போடவில்லை. வியாபாரி பல ஆண்டுகள் ஒரு பள்ளியில் சமையல் வேலை பார்த்துக் கொண்டே எழுதினார். அவருடைய சுயசரிதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2018-ம் ஆண்டுக்கான 'இந்து' நாளிதழின் பரிசைப் பெற்றது. 2021-ல் அவர் மேற்கு வங்கச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பேபி ஹால்தரின் கதை வேறு. 12 வயதில் திருமணம். பின்னர் கணவரைப் பிரிந்து, மூன்று குழந்தைகளுடன் டில்லிக்கு ரயிலேறினார். குர்கானில் வீட்டு வேலை. புத்தக அலமாரியைத் துடைக்கும்போது அவர் கை தயங்கி நிற்பதை வீட்டுக்காரர் பிரபோத் குமார் கவனித்தார். இவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். ஹிந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரர். ஒரு நோட்டையும் பேனாவையும் கொடுத்து, வாழ்க்கையை எழுதச் சொன்னார். வேலை முடிந்த பின் பேபி வங்காளியில் எழுதியதை அவரே ஹிந்தியில் பெயர்த்தார். 2002-ல் 'ஆலோ ஆந்தாரி' வெளிவந்தது. நூல் வந்த பிறகும் பேபி வீட்டு வேலையை விட்டுவிடவில்லை.

வெளிமாநிலத் தமிழருக்கு இது புதிதல்ல. பெங்களூரில் பொறியாளராக இருந்தபடியே சுஜாதா எழுதிக் குவித்தார். வேலை தேடி பம்பாய் சென்ற நாஞ்சில் நாடன், 1977-ல் 'தலைகீழ் விகிதங்கள்' நாவலைத் தந்தார். ஆனால் இவர்களுக்குக் கல்வி துணை இருந்தது. மற்ற இருவருக்கும் இருந்தது, ஒரே ஒருவரின் கவனிப்பு.

மகாசுவேதா தேவி சொல்லுக்குப் பொருளை மட்டும் சொல்லி, கூலியைக் கொடுத்துவிட்டு இறங்கியிருந்தால்? அப்படிக் கேள்வி கேட்டும் பதிலோடு நின்று போனவர்கள் எத்தனை பேரோ!