அப்கிரேட் ஆச்சு... அப்புறம் என்னாச்சு?

உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு மாறியாச்சு. புது வால்பேப்பர் பளபளன்னு இருக்கு. சந்தோஷமா விவாடோவைத் திறக்கறீங்க... ம்ஹூம், அசையவே இல்லை. டெர்மினல்ல போய்க் கூப்பிட்டா 'லிப்டின்ஃபோ.எஸ்ஓ.5-ஐக் காணோம்'னு ஒத்தை வரி. நாளன்னிக்கு புராஜெக்ட் ரிவ்யூ. கைடு முகம் கண்ணுக்கு முன்னாடி வந்து போகுதா?

டென்ஷன் ஆகாதீங்க பாஸ். ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிருங்க.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான சப்போர்ட்டை நிறுத்தினதிலிருந்து, விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்போட லினக்ஸ் பக்கம் வர்ற கூட்டம் அதிகம். நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. 2011-ல் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்போ, விண்டோஸோட சேர்த்து 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கின அது டெபியனை அடிப்படையா வச்சது. உபுண்டுவும் டெபியன் குடும்பம்தான். அதனால வைத்தியமும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

முதல்ல வியாதி என்னன்னு பார்ப்போம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் போயிருக்கீங்களா? அங்கே கோர்வைப் புடவை நெய்யறதைக் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் ரெண்டு நாடா. ஒவ்வொரு வரியிலும் உடல் இழையும் கரை இழையும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கணும். அதுக்காகவே பக்கத்தில் ஒரு உதவியாள் உட்கார்ந்திருப்பார். இப்போ உடலுக்கு மட்டும் இழையோட பருமனை மாத்திட்டு, கரையை அப்படியே விட்டா என்ன ஆகும்? கோர்வை சேராது. உபுண்டு நெய்யறது உடல். விவாடோ, பிபிஏ, நீங்க எங்கிருந்தோ டவுன்லோட் பண்ணின டெப் ஃபைல் எல்லாம் வெளியாள் நெய்த கரை. அப்கிரேடில் உடல் மட்டும் மாறிடுச்சு!

24.04-ல் அப்படி என்ன மாறிச்சு? பழைய லிப்டின்ஃபோ5, லிப்என்கர்சஸ்5 ரெண்டையும் தூக்கிட்டாங்க. விவாடோ மாதிரி சாஃப்ட்வேர்கள் அடி வாங்கினது இதில்தான். இன்னொரு சமாச்சாரம் ஜாலியானது. 2038 ஜனவரி 19 அன்னிக்கு 32 பிட் கணக்கில் நேரத்தை எண்ணுற கம்ப்யூட்டர்களுக்கு எண்ணிக்கை நிரம்பி வழியும். அதைத் தவிர்க்க நேரத்தை 64 பிட்டாக்கினாங்க. அந்தச் சாக்கில் ஏகப்பட்ட லைப்ரரிகளுக்குப் பெயரோட 'டி64'னு வால் முளைச்சிருச்சு. லிப்அசவுண்ட்2 இப்போ லிப்அசவுண்ட்2டி64. பழைய பெயரில் கேட்டா, 'அது வெறும் பெயர்தான், கொடுக்கறவங்க ரெண்டு பேர் இருக்காங்க, யாரு வேணும்?'னு ஆப்ட் உங்களையே திருப்பிக் கேட்கும். டி64 வால் இருக்கறதைச் சொல்லுங்க, சரியாயிடும்.

எது இல்லைன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? டெர்மினலில் 'எல்டிடி'னு அடிச்சு, புரோகிராம் இருக்கிற முழுப் பாதையையும் கொடுங்க. அதுக்குத் தேவையான லைப்ரரி அத்தனையும் வரிசையா வரும். 'நாட் ஃபவுண்ட்'னு இருக்கிற வரிதான் ஆளு. அந்தப் பேக்கேஜ் உபுண்டு கிட்ட இருக்கா, எந்த இடத்திலிருந்து எந்த வெர்ஷன் வருதுன்னு பார்க்க 'ஆப்ட் பாலிசி'.

பிபிஏ விஷயத்தில் நிறைய பேர் சறுக்கறாங்க. அப்கிரேட் ஆகும்போது வெளியாள் ரெப்பாசிட்டரி எல்லாத்தையும் உபுண்டுவே அணைச்சு வைச்சிடும். அவசரப்பட்டு 'ஜாமி'யை அடிச்சுட்டு 'நோபிள்'னு எழுதி ஆன் பண்ணினா 404 சிரிக்கும். அந்த ஆட்கள் நோபிளுக்குப் போட்டிருக்காங்களான்னு முதல்ல பாருங்க. போடலைன்னா 'பிபிஏ-பர்ஜ்' வச்சு, அங்கிருந்து வந்த பேக்கேஜை உபுண்டுவோட சொந்த வெர்ஷனுக்கு இறக்கிடுங்க. பாதியில் தொங்கற இன்ஸ்டாலுக்கு 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. ஆனா எதை நீக்கப்போகுதுன்னு அது காட்டற பட்டியலைப் படிக்காம 'ஒய்' அடிக்கிற ஆளா நீங்க? அப்போ டெஸ்க்டாப்பே காணாமப் போனா கேட்காதீங்க.

சும்மா சொல்லலை. ஆப்இமேஜ் ஓட லிப்ஃபியூஸ்2 வேணும். 22.04-ல் 'ஃபியூஸ்'னு மொட்டையா இன்ஸ்டால் பண்ணினவங்களுக்கு ஃபியூஸ்3 போச்சு, கூடவே டெஸ்க்டாப்பில் பாதியும் போச்சு. நிஜமாவே ஃபியூஸ் போன கதை! 24.04-ல் கேட்க வேண்டிய பெயர் லிப்ஃபியூஸ்2டி64.

பழைய உபுண்டுவின் டெப் ஃபைலை எடுத்துப் போட்டுக்கலாமேன்னு சீனியர் சொல்லுவார். ஆளைப் பார்த்துப் போடணும். 22.04-ன் லிப்டின்ஃபோ5-ஐ எடுத்துப் போட்டா விவாடோ பிழைச்சுக்கும், பெரிய ஆபத்தில்லை. லிப்எஸ்எஸ்எல்1.1-க்கு அதே வேலையைச் செய்யாதீங்க. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கு 2023 செப்டம்பரோட ஆயுள் முடிஞ்சது. இனி ஓட்டை கண்டுபிடிச்சாலும் அந்தத் திட்டத்திலிருந்து இலவசமா அடைச்சுத் தர ஆள் கிடையாது. அது இல்லாம ஓடவே ஓடாதுங்கிற சாஃப்ட்வேரா? டிஸ்ட்ரோபாக்ஸ் வச்சு 20.04 கன்டெய்னர் ஒண்ணு உண்டாக்கி, அதுக்குள்ளே தனிக்குடித்தனம் வைச்சிருங்க.

பைத்தான் கோஷ்டிக்கு ஒரு வார்த்தை. 22.04-ல் 3.10, 24.04-ல் 3.12. பழைய வென்வ் செத்துப்போச்சு, புதுசாத்தான் உருவாக்கணும். 3.12-ல் டிஸ்ட்யூட்டில்ஸும் இல்லை. 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'னு பெயரிலேயே எச்சரிக்கிற ஆப்ஷனை பிப்புக்குக் கொடுக்கிற தைரியசாலிகளை என்ன சொல்ல!

டெக்ஸ்டைல் மாணவர்களே, உங்களுக்கு ஜாவா. ஜக்கார்டு, டாபி தறிகளுக்கு டிசைன் போட 'டிஜிபுனாய்'னு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரே இருக்கு. டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் தந்தது. பொதுவா ஜாவாவில் எழுதின பழைய டிசைன் புரோகிராம்களுக்கு ஒரு கண்டம் உண்டு. ஆரக்கிள் ஜாவா 8-ஓட கூடவே வந்த ஜாவாஎஃப்எக்ஸ், 2018-ல் ஜாவா 11-லிருந்து தனிக்கட்சி. ஜாவா 8-ஐயும் புதுசையும் ஒரே மெஷினில் வைச்சுக்கலாம். 'அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்' சொல்றதுதான் ஓடும்.

இன்னும் அப்கிரேட் பண்ணாதவங்க, முதல்ல பிப் ஃப்ரீஸ் பட்டியலையும் பிபிஏ பட்டியலையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைங்க. மாட்டிக்கிட்டவங்க காஞ்சி லினக்ஸ் பயனர் குழு கிட்ட தமிழிலேயே கேட்கலாம். 2012-லிருந்து வர்ற 'கணியம்' மின்னிதழிலும் லினக்ஸ் கட்டுரைகள் குவிஞ்சு கிடக்கு. ஆனா 'ஓடலை ப்ரோ, ஹெல்ப்'னு மட்டும் அனுப்பாதீங்க. எந்த வெர்ஷன்லேர்ந்து எதுக்கு மாறினீங்க, எல்டிடி என்ன சொல்லுது, எர்ரர் வரி முழுசா... இந்த மூணையும் போட்டோ பிடிக்காம டெக்ஸ்டா காப்பி பண்ணிப் போடுங்க.