பெயரில் தங்கிவிட்ட பழைய பிழைகள்

மலேரியா, ஃப்ளூ, குவாரண்டைன் ஆகிய ஆங்கிலச் சொற்களை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். இவற்றின் நேர்ப்பொருள் என்ன தெரியுமா? 'கெட்ட காற்று', 'விண்மீன்களின் செல்வாக்கு', 'நாற்பது நாள்' என்பனவே! மூன்றும் இத்தாலியிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றவை. நோய்களுக்கு இப்பெயர்கள் எவ்வாறு வாய்த்தன என்று பார்ப்போம்.

கெட்ட காற்று

இத்தாலிய மொழியில் 'மாலா' என்றால் கெட்ட. 'ஆரியா' என்றால் காற்று. சதுப்பு நிலங்களின் அருகே வாழ்வோரைக் குளிர்காய்ச்சல் அடிக்கடி பீடிப்பதை அக்கால மக்கள் கண்டனர். சேற்றிலிருந்து எழும் நாற்றக் காற்றே அதற்குக் காரணம் என்று எண்ணினர். அவர்கள் கண்டது உண்மை. கற்பித்த காரணம்தான் தவறு.

1880இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லாவெரான், நோயாளியின் இரத்தத்தில் நுண்ணிய ஒட்டுண்ணிகளைக் கண்டார். 1897இல் நம் நாட்டின் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், அவ்வொட்டுண்ணியைக் கொசுவின் இரைப்பையில் கண்டறிந்தார். கேடு செய்தது சதுப்பு நிலத்துக் காற்றன்று. அங்கே பெருகிய கொசுவே!

இவ்வுண்மை தெரியாததால் நேர்ந்த இழப்பு பெரிது. 1880களில் பிரெஞ்சுக்காரர்கள் பனாமாவில் கால்வாய் தோண்டினர். அங்கிருந்த மருத்துவமனையில், எறும்புகள் ஏறாதிருக்கக் கட்டிலின் கால்களை நீர் நிரம்பிய கிண்ணங்களில் வைத்தனர். அந்நீரிலேயே கொசுக்கள் முட்டையிட்டுப் பெருகின. அப்பணியில் நோயாலும் விபத்தாலும் மாண்டவர்கள் 20,000 பேருக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றவை கொசுவால் பரவும் மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலுமே.

விண்மீன்களின் செல்வாக்கு

'ஃப்ளூ' என்பது இன்ஃப்ளுயன்சா என்பதன் சுருக்கம். இத்தாலிய மொழியில் இதற்குச் செல்வாக்கு என்று பொருள். ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் காய்ச்சலில் படுத்தால், அது வானத்து மீன்களின் செல்வாக்கு என்று மக்கள் நம்பினர். 1743இல் இத்தாலியிலிருந்து பரவிய காய்ச்சலோடு இச்சொல்லும் ஆங்கிலத்தில் புகுந்தது. மனிதரைத் தாக்கும் இன்ஃப்ளுயன்சா வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டதோ 1933இல்தான்!

நாற்பது நாள்

பிளேக் நோய்க்கு அஞ்சிய ரகூசா துறைமுக நகரம், 1377இல் ஒரு சட்டம் செய்தது. நோய் கண்ட ஊர்களிலிருந்து வருவோர் 30 நாள் விலகியிருந்த பின்னரே நகருக்குள் நுழையலாம். பின்னர் இக்காலம் 40 நாளாயிற்று. வெனிஸ் நகரத்தாரின் பேச்சில் நாற்பதைக் குறித்த சொல்லிலிருந்தே 'குவாரண்டைன்' பிறந்தது. பிளேக் நோயின் கிருமி 1894இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆயினும், நோயுற்றோருடன் பழகினால் நோய் பரவும் என்பதை அம்மக்கள் அனுபவத்தால் உணர்ந்திருந்தனர். இன்று நாள் கணக்கு நோய்க்கு நோய் மாறுகிறது. பெயரில் மட்டும் நாற்பது நிலைத்துவிட்டது.

ஒரு பெயர், அதை இட்டவர்கள் எதை நம்பினார்கள் என்பதைக் கூறும். அந்நம்பிக்கை சரியா என்பதைச் சோதனைதான் கூறவேண்டும். எனவே, மலேரியா என்ற சொல்லை இனிக் கேட்கும்போது காற்றின்மேல் ஐயங்கொள்ள வேண்டாம்; உங்கள் வீட்டைச் சுற்றி நீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள்!