கென்ரக்கி வானில் தோன்றியது பலூன்தானா?

வானிலே இனந்தெரியாத பொருளொன்று தோன்றிற்று என்று செய்தி வந்ததும் ஊரில் இரண்டு கட்சிகள் எழுந்துவிடுகின்றன. வேற்றுக் கிரகத்தவரின் பறக்கும் தட்டே அது என்று ஒரு கட்சியார் அடித்துச் சொல்வர். மற்றக் கட்சியாரோ, பலூன் என்ற ஒரே சொல்லில் வழக்கை முடித்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவர். முன்னவர் ஆராயாமல் நம்புகின்றனர். பின்னவர் ஆராயாமல் மறுக்கின்றனர். பலூன் என்று சொல்லுவதும் ஒரு கூற்றே அல்லவா? அதற்கும் சான்று வேண்டும். அச்சான்றை எவ்வாறு தேடுவது, எவ்வளவு கிடைத்தாற் போதும் என்று கொள்வது என்பனவற்றை, ஓர் இளம் விமானியின் உயிரைப் பலிகொண்ட நிகழ்ச்சியொன்றை எடுத்து ஆராய்வோம்.

நடந்தது என்ன?

1948ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 7ஆந் திகதி. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கென்ரக்கி மாநிலம். முந்திய ஆண்டு ஜூன் மாதத்திலே கெனத் ஆர்னல்ட் என்ற விமானி, மலைத்தொடரொன்றின் அருகே ஒன்பது விசித்திரப் பொருள்கள் விரைந்து பறக்கக் கண்டதாகக் கூறியிருந்தார். அன்று தொடங்கிய பறக்கும் தட்டுப் பேச்சு அந்நாடெங்கும் இன்னும் ஓயவில்லை.

அன்று பிற்பகல் ஒன்றேகால் மணியளவில், மேஸ்வில் என்னும் ஊரவர் வானில் வட்டமான பொருளொன்றைக் கண்டனர் என்று நெடுஞ்சாலைப் பொலிசார் அறிவித்தனர். சிறிது நேரத்தில், மேற்கே நெடுந்தொலைவிலுள்ள ஓவென்ஸ்பரோ, ஏர்விங்ரன் ஆகிய ஊர்களிலிருந்தும் அத்தகைய செய்தியே வந்தது. அப்பொருளின் குறுக்களவு 250 முதல் 300 அடி வரை இருக்கும் என்றனர் கண்டவர்கள். விரைவில் கொட்மன் விமானத்தளத்தின் கோபுரத்தில் இருந்தோருக்கும் அது புலப்பட்டது. தளத்தின் தலைவர் கேணல் கை ஹிக்ஸ் தூரதிருஷ்டிக் கண்ணாடி கொண்டு நோக்கினார். வெண்ணிறமானது, முழுநிலவிற் காற்பங்கு பருமனுடையது, சிற்சில வேளை அதன் ஓரத்திற் செந்நிறம் தெரிந்தது என்று அவர் கூறினார். குடை போன்றது என்ற விவரமும், ஐஸ்கிறீம் கூம்பு போன்றது என்ற விவரமும் தளத்திலிருந்தோரிடமிருந்தே கிடைத்தன.

இரண்டே முக்கால் மணியளவில் நான்கு மஸ்ராங் போர் விமானங்கள் அவ்வழியே வந்தன. அவற்றின் தலைவர் கப்டன் தோமஸ் மான்ரெல். வயது 25. 1944ஆம் ஆண்டு நோர்மண்டிப் படையிறக்கத்திற் பங்குகொண்டு பதக்கம் பெற்றவர். அப்பொருள் யாதெனப் பார்த்துச் சொல்லுமாறு கோபுரம் அவரைக் கேட்டுக்கொண்டது. ஒரு விமானம் எரிபொருள் குறைந்தமையால் தன் தளத்துக்குச் சென்றது. ஏனைய மூன்றும் தென்திசை நோக்கி மேலே ஏறின. பொருள் தமக்கு மேலே முன்னாற் செல்கின்றது என்று மான்ரெல் அறிவித்தார். இருபத்தீராயிரம் அடியளவில் மற்ற இருவரும் திரும்பிவிட்டனர். மான்ரெல் தனித்து மேலேறினார். மூன்றேகால் மணிக்குப் பின் அவர் குரல் கேட்கவில்லை. பிராங்கிளின் என்ற ஊரருகே விமானம் நொறுங்கிக் கிடந்தது. அவர் கைக்கடிகாரம் 3 மணி 18 நிமிடத்தில் நின்றிருந்தது.

வெள்ளியின் மீது பழி

மக்கள் விடை கேட்டனர். விமானப்படையினரின் ஆராய்ச்சியில், மான்ரெல் துரத்தியது வெள்ளிக் கிரகமாகலாம் என்ற கருத்து முதலில் எழுந்தது. இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அன்று பிற்பகலில், பொருள் காணப்பட்ட திசைக்கு அண்மையிலேயே வெள்ளியும் இருந்தது.

எனினும், திசை பொருந்தினாற் போதுமா? பட்டப்பகலில் வெள்ளியைக் காணுதல் இயலாததன்று. ஆனால் அது நுண்ணிய ஓர் ஒளிப்புள்ளியாகவே தெரியும். எங்கே பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே அறிந்தவர்க்கே அதுவும் கைகூடும். ஊரூராக மக்கள் தாமாகவே அண்ணாந்து கண்டு வியக்கும் வெண்குடையாக அது தோன்றாது. விமானப்படைக்கு ஆலோசகராக இருந்த வானவியலறிஞர் அலன் ஹைனெக் இவ்விளக்கத்தைப் பின்னர் கைவிட்டார். பொருந்தாத விடையை அவசரமாகச் சொல்லியதனால் நேர்ந்த தீங்கு பெரிது. அரசாங்கம் எதையோ மறைக்கின்றது என்ற ஐயம் மக்கள் மனத்தில் வேரூன்றியது. பின்னர்ச் சரியான விடை வந்தபோதும் அதனை நம்ப மறுத்தனர்.

கடற்படையின் பலூன்

மறைக்கப்பட்டது ஒன்று உண்மையிலேயே இருந்தது. 1947இல் அமெரிக்கக் கடற்படை, ஸ்கைஹூக் என்ற திட்டத்தின்கீழ்ப் பெரும் பலூன்களை வானில் விடத் தொடங்கியிருந்தது. நம் ஊர்த் திருவிழாக்களில் ஏற்றப்படும் புகைக்கூண்டு அனலினால் எழும்பிச் சற்று நேரத்தில் அணைந்து வீழ்வது. ஸ்கைஹூக்கோ மெல்லிய பொலித்தீனால் ஆக்கப்பட்டு, பாரமற்ற வாயு நிரப்பப்பட்டது. விஞ்ஞானக் கருவிகளைச் சுமந்துகொண்டு அறுபதினாயிரம் அடி முதல் நூறாயிரம் அடிவரை ஏறி, பல மணி நேரம் மிதக்க வல்லது. முற்றாக விரிந்தபின் 70 முதல் 100 அடி வரை அகன்று நிற்கும். அவ்வுயரத்துச் சூரியவொளியில் அது உலோகம்போல மின்னும். திட்டம் இரகசியமாக நடத்தப்பட்டமையால், மான்ரெலோ கோபுரத்தில் இருந்தோரோ அப்படியொரு பலூன் உண்டென்பதை அறிந்திலர்.

1951 முதல் 1953 வரை விமானப்படையின் பறக்கும் தட்டு ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய கப்டன் எட்வேட் றப்பெல்ற் பழைய ஏடுகளைப் புரட்டி, மான்ரெல் கண்டது இப்பலூனே என்ற கருத்தை வலியுறுத்தினார். 1956இல் வெளிவந்த தமது நூலில் அதனை விளக்கினார்.

எடைபோட்டுப் பார்ப்போம்

இக்கருத்தை ஒவ்வொரு சான்றாக எடுத்து நிறுப்போம்.

முதலாவது, காலம். ஒரு மணி நேரத்துக்கு மேலாக அப்பொருள் கொட்மன் வானில் ஏறத்தாழ ஓரிடத்திலேயே நின்றது. எரிநட்சத்திரம் கணப்பொழுதில் மறையும். ஆகாய விமானம் சில நிமிடங்களில் கடந்துவிடும். உயரத்தில் மிதக்கும் பலூனுக்கு இந்த நிலை இயல்பானது.

இரண்டாவது, பல ஊர்களிற் காணப்பட்டமை. மேஸ்வில்லிலிருந்து ஓவென்ஸ்பரோ வரை உள்ள நெடுந்தூரத்தை அரைமணிக்குள் அது கடந்ததாயின், அதன் வேகம் எந்தப் பலூனாலும் இயலாதது. ஆனால் கடந்தது என்பது கேட்டோரின் அனுமானமே. அறுபதினாயிரம் அடி உயரத்திலுள்ள பொருள், தடையற்ற வானில், ஏறத்தாழ 300 மைல் சுற்றளவுக்குத் தொடுவானத்துக்கு மேலே நிற்கும். ஆதலின் பல ஊரவர் ஒரே காலத்தில் அதனைக் காணலாம். செய்தி மட்டுமே ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

மூன்றாவது, வடிவம். மேலே உருண்டு கீழே குவிந்து பேரிக்காய் போலிருப்பது இப்பலூனின் வடிவம். அதனைக் குடை என்றும் கூம்பு என்றும் ஒருவர் கூறுவாராயின் வியப்பில்லை. அன்று மாலை நாஷ்வில் நகரத்து வண்டபில்ட் சர்வகலாசாலையின் வானவியலறிஞர் கார்ள் சைபேட், கயிறுகளும் கூடையும் தொங்கிய பேரிக்காய் வடிவான பலூனொன்றைத் தெற்குப் பக்கத்து வானிற் கண்டார். வானத்தைப் பார்ப்பதே தொழிலாகக் கொண்டவரின் வாக்குமூலம் இது. பிராங்கிளினுக்குத் தெற்கேயுள்ள நகரிலிருந்து வந்தது. இவ்வழக்கில் மிகவும் பாரமான சான்று இதுவே எனலாம்.

நான்காவது, பருமன். இங்கே தராசு சற்றுத் தடுமாறுகின்றது. ஒரு பொருள் தன் குறுக்களவைப்போல் ஏறத்தாழ 110 மடங்கு தூரத்தில் இருக்கும்போது முழுநிலவின் அளவாகத் தோன்றும். நூறடிப் பலூன் நிலவிற் காற்பங்காகத் தோன்ற வேண்டுமாயின் 44,000 அடி, அதாவது எட்டு மைல் தூரத்தில் இருத்தல் வேண்டும். அறுபதினாயிரம் அடி உயரத்துப் பலூன் நேரே தலைக்குமேல் நின்றாலும் பதினொரு மைலுக்கு மேற்பட்ட தூரம். சாய்வாகப் பார்க்குமிடத்துத் தூரம் இன்னும் கூடும். பலூன் மிகச் சிறிதாகவே தெரியும். ஆகவே கேணல் ஹிக்ஸ் கூறிய அளவு பலூனுக்குப் பொருந்தவில்லை.

இதனால் பலூன் கொள்கை வீழ்ந்துவிடுமா? கண் எவ்வளவு நம்பத்தக்கது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மாணவர்கள் அடுத்த பௌர்ணமியன்று ஒரு பட்டாணியைக் கைநீட்டிப் பிடித்து நிலவைப் பார்க்கட்டும். அச்சிறு பட்டாணி முழுநிலவையும் மறைத்துவிடும். நிலவு எத்துணைச் சிறியது என்பதையே அறியாத நம் கண், ஒளிமிக்க பொருள்களை எப்போதும் பெருப்பித்தே மதிக்கின்றது. தூரத்தை அறியாமல் 250 அடி, 300 அடி என்று கூறிய அளவுகளோ வெறும் ஊகமே. எனவே பருமன் பற்றிய சாட்சியம் பலூனுக்கு எதிரானதுதான். ஆயினும் அது மெலிந்த சாட்சியம்.

ஐந்தாவது, பலூன் புறப்பட்ட இடம். சங்கிலியின் கடைசிக் கண்ணி இதுவே. ஒகையோ மாநிலத்துக் கிளின்ரன் கவுண்டி விமானத்தளத்திலிருந்து அது விடப்பட்டிருக்கலாம் என்று காற்றின் போக்கைக் கணித்துக் கூறினார் றப்பெல்ற். ஆனால் அதற்குரிய பதிவேட்டைத் தம்மால் ஒருபோதும் கண்டெடுக்க முடியவில்லை என்றும் அவரே எழுதினார். அங்கே பலூன் விட்டதாக நினைவுகூர்ந்தோர் இருந்தனர். ஆனால் குறித்த நாளை உறுதிப்படுத்துவார் எவருமில்லை. பின்வந்த ஆய்வாளர், மின்னெசோற்றா மாநிலத்து முகாமொன்றிலிருந்து ஜனவரி 6ஆந் திகதி விடப்பட்ட பலூனையே சுட்டினர். புறப்பட்ட இடம் பற்றி இவ்வாறு கருத்து வேறுபாடு இருப்பதை நேர்மையுள்ளவர் மறைக்கலாகாது.

இவற்றைக் கூட்டிப் பார்க்குமிடத்து நாம் அடையும் முடிவு இது. அப்பொருள் ஸ்கைஹூக் பலூனாக இருந்திருத்தலே மிகப் பொருத்தம். காலமும் வடிவமும் வானவியலறிஞரின் சாட்சியமும் அதற்குத் துணை நிற்கின்றன. ஆனால் ஐயந்திரிபற நிறுவப்பட்டது என்று கூறுவதற்கு இல்லை. பெரிதும் நம்பத்தக்கது என்பதற்கும் நிறுவப்பட்டது என்பதற்கும் இடையே ஓர் அடி தூரமாவது உண்டு.

விமானியின் மரணம்

பறக்கும் தட்டே மான்ரெலைச் சுட்டு வீழ்த்தியது என்று அக்காலத்தில் வதந்திகள் உலாவின. இங்கே இரு வினாக்கள் ஒன்றோடொன்று பிணைந்து குழம்பிவிட்டன. அவர் கண்ட பொருள் யாது என்பது ஒரு வினா. அவர் ஏன் இறந்தார் என்பது வேறொரு வினா. முன்னதற்கு விடை முழுமையாகக் கிடைக்காவிடினும் பின்னதற்கு விடை உண்டு.

அவரது விமானத்திற் பிராணவாயுக் கருவி இல்லை. ஏறத்தாழ 15,000 அடிக்கு மேல் அக்கருவியின்றிப் பறத்தல் ஆபத்து என்பது விமானிகள் யாவரும் அறிந்த விதி. இருபத்தையாயிரம் அடியில் மனிதன் சில நிமிடங்களிற் செயலிழந்துவிடுவான். பிராணவாயுக் குறைவின் கொடுமை என்னவெனில், அது வலியைத் தருவதில்லை; பொய்யான உற்சாகத்தைத் தந்து அறிவை மெல்ல மெல்ல மழுக்கிவிடும். தான் மயங்கப்போவது மயங்குவோனுக்குத் தெரியாது. தெருவில் நடக்கும் குழந்தை, நிலா தன்னுடன் கூடவே வருகின்றது என்று எண்ணும். அதுபோலவே, மிக உயரத்திலுள்ள பொருளைத் துரத்தும் விமானிக்கும் அது எட்டாமல் முன்னே செல்வதாகவே தோன்றும். அவரது மஸ்ராங் விமானம் தன் வலிமை முழுவதும் காட்டினாலும் அறுபதினாயிரம் அடியை எட்டியிராது. அந்தப் பொருள் பலூனாயினும் வேறெதுவாயினும், அவர் உயிரைப் பறித்தது அந்த உயரமே.

இரகசியத்துக்குப் படைத்துறையினர் காரணம் காட்டக்கூடும். ஆயினும், வானில் இன்று பெரும் பலூன்கள் மிதக்கின்றன என்ற ஒரு செய்தி கொட்மன் கோபுரத்துக்கு எட்டியிருப்பின், இருபத்தைந்து வயது இளைஞனை மேலே போய்ப் பார் என்று எவரும் கேட்டிருப்பரோ?

இன்றைக்கும் இதே கேள்வி

அமெரிக்க விமானப்படை 1969இல் தன் ஆராய்ச்சியை முடித்தபோது, அதற்கு வந்திருந்த முறைப்பாடுகள் 12,618. அவற்றுள் 701 மட்டுமே இனங்காணப்படாமல் எஞ்சின. ஆயினும் பிரச்சினை பழங்கதையாகிவிடவில்லை. 2023 பெப்ரவரி 4ஆந் திகதி, அமெரிக்க வானைக் கடந்து சென்ற சீனப் பலூனொன்று கடலோரத்தில் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. அது பலூன் என்பதிற் சர்ச்சை இருக்கவில்லை. ஆனால் அதனாற் கிளர்ந்த பரபரப்பில், பெப்ரவரி 10, 11, 12ஆந் திகதிகளில் அலாஸ்கா, யூக்கொன், ஹியூரன் ஏரி ஆகிய இடங்களுக்கு மேலே மேலும் மூன்று பொருள்கள் சுடப்பட்டன. அவை தனியாரோ ஆய்வாளரோ விட்ட பலூன்களாகவே இருக்கக்கூடும் என்று சில நாட்களின் பின் ஜனாதிபதி பைடன் கூறினார். முதலிற் சுட்டு, பின்னர் யாதென வினவிய கதை அது.

நம் வானிலும் ஏதேனும் தோன்றினால் மாணவர்கள் செய்யத்தக்கது யாது? நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். கைநீட்டிப் பிடித்த ஒரு முட்டி ஏறத்தாழ பத்துப் பாகை; அடிவானிலிருந்து எத்தனை முட்டி உயரம் என்று எண்ணிவிடுங்கள். பருமனை அடியிற் சொல்லாமல் பட்டாணியோடு ஒப்பிடுங்கள். வேற்றூரில் உள்ள நண்பர் அதனைக் கண்டாரா எனக் கேளுங்கள். சூரியன் மறைந்த பின்னும் சற்று நேரம் ஒளிர்ந்து பின் மங்கினால் அது உயரத்தில் உள்ள பொருள் என அறியுங்கள். உலகின் பலநூறு வானிலை நிலையங்கள் நாடோறும் இருமுறை, நம் நேரப்படி காலையும் மாலையும் ஐந்தரை மணியை அண்டி, பலூன்களை விடுகின்றன என்பதையும் மறவாதீர்கள். இத்தனையும் செய்தபின் பலூன் என்று சொல்லுங்கள். அல்லது, தெரியவில்லை என்று சொல்லுங்கள். இரண்டுமே மதிப்புள்ள விடைகள்.

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். கென்ரக்கி வானில் அந்த விசாரணை பல ஆண்டுகள் பிந்தி வந்தது.