எந்த டிரம், எந்தத் தேதி?

2020 ஜூன் தொடக்கம். வேலூர், பாகாயம் சாலையில் ஒரு சலூன். பவுடர் டப்பா இருந்த இடத்தில் சானிடைசர் பாட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நூல் கட்டிய பேனாவோடு ஒரு லாங் சைஸ் நோட்டு. ஸ்கேல் வைத்து நான்கு பத்தி பிரித்திருந்தார்கள்: பெயர், முகவரி, செல் நம்பர், ஆதார் நம்பர்.

“ண்ணா, ஆதாரையும் எழுதிடுங்க. கவர்மென்ட் ஆர்டர்.”

“முடி வெட்டிக்கறதுக்கு இன்னாத்துக்குப்பா ஆதாரு?”

கடைக்காரர் சிரித்தார், அவருக்கும் தெரியவில்லை. எனக்கு முன்னால் இருந்த பெரியவர் விட்டத்தைப் பார்த்து யோசித்துப் பன்னிரண்டு இலக்கம் எழுதினார். அது யாருடைய ஆதார் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

ஆணை உண்மைதான். சலூன்களும் அழகு நிலையங்களும் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கைபேசி எண், ஆதார் எண் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும் என்று தமிழக அரசின் வழிகாட்டு நெறிமுறை அப்போது சொன்னது. அடுத்த வாரம், ஜூன் 8 முதல், ஓட்டல்களில் பாதி இருக்கைகளில் மட்டும் உட்கார்ந்து சாப்பிட அனுமதி வந்ததும், பல கல்லாக்களிலும் இதே மாதிரி நோட்டு முளைத்தது.

வேலூருக்கு நோட்டு புதிதல்ல. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் நோயாளிகள் வரவேற்பு மேசையில் எழுதிய பெயர்களைச் சேர்த்தால் ஒரு ஊரே தேறும். வெளிநாட்டவர் தங்கினால் சி-பாரம் தனி. ஆனால் அதெல்லாம் போலீசுக்கான நோட்டு. ‘நீ யார்’ என்பது அதன் கேள்வி. தொற்றுக்கான நோட்டு கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த வித்தியாசம் புரிய, 1, 2 நம்பர் பஸ்ஸில் ஏறினால் போதும்.

காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே ஓடும் பஸ்கள் இவை. ஒரு கணக்குக்காக பத்து நடை என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது நடையில் எட்டெட்டுப் பேர். மிச்சமிருக்கும் ஒரே நடையில் எண்பது பேர், படிக்கட்டு வரை. டிப்போவில் கேட்டால் “வண்டி காலியாத்தான் ஓடுது” என்பார்கள். பத்தில் ஒன்பது காலி, பொய்யில்லை. இறங்கிய பயணிகளைக் கேளுங்கள். மொத்தம் 152 பேரில் 80 பேர், பாதிக்கும் மேல், “இன்னா கூட்டம்” என்பார்கள். அதுவும் பொய்யில்லை. கூட்ட வண்டி ஒன்றுதான். ஆனால் அதில் வந்தவர்கள் அதிகம். ஆகவே வழியில் போகிற பயணி ஒருவரைப் பிடித்து ‘எதில் வந்தீர்கள்?’ என்று கேட்டால், பத்தில் ஒன்றான அந்தக் கூட்ட வண்டியே பதிலாக வர வாய்ப்பு அதிகம்.

கொரோனாவும் இப்படித்தான் பயணித்தது. தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களின் தொடர்பு தேடல் பதிவுகளை ரமணன் லட்சுமிநாராயணன் குழுவினர் ஆராய்ந்து 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். 84,965 நோயாளிகள், அவர்களோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேர். நம் ஊர்ச் செவிலியர்களும் சுகாதார ஆய்வாளர்களும் வெயிலில் வீடு வீடாக அலைந்து சேர்த்த கணக்கு அது. கண்டது என்ன? நோயாளிகளில் சுமார் 71 சதவீதம் பேரின் தொடர்புகளில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. வெறும் 8 சதவீதம் பேரிடமிருந்து புதிய தொற்றுகளில் 60 சதவீதம் கிளம்பியிருந்தது. காலி வண்டிகள் நிறைய, பிதுங்கி வழிந்த வண்டிகள் கொஞ்சம்.

இனி ஒரு நோயாளியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு திசையில் போகலாம். முன்னோக்கிப் போனால், இவர் யாருக்குக் கொடுத்தார் என்று தேட வேண்டும். பெரும்பாலும் யாருக்கும் இல்லை, உழைப்பு வீண். பின்னோக்கிப் போனால், இவருக்கு எங்கே ஒட்டியது என்று தேட வேண்டும். பஸ் கணக்குப்படி அது ஒரு கூட்ட வண்டியாக, அதாவது பலருக்கும் ஒரே இடத்தில் ஒட்டிய நிகழ்வாக, இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த இடத்தைப் பிடித்தால் அங்கிருந்த எல்லோரையும் பிடித்த மாதிரி. ஹிடோஷி ஒஷிடானி போன்றவர்கள் வழிநடத்திய ஜப்பானியக் குழு 2020-இன் ஆரம்பத்திலேயே இந்த வழியில் போனது. நம் பக்கமோ, தொற்று பரவிய சென்னைக் கோயம்பேடு சந்தை அந்த ஆண்டு மே மாதம் மூடப்படுவதற்குள் கூலித் தொழிலாளிகளும் வியாபாரிகளும் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று ஊர் திரும்பியிருந்தார்கள். யார் எந்தக் கடைப் பக்கம், எந்த நேரம் நின்றார்கள் என்பதற்கு அங்கே நோட்டும் கிடையாது, நூல் கட்டிய பேனாவும் கிடையாது.

இடத்தைக் கேட்கும் இந்தப் பழக்கம் எங்கள் மாவட்டத்தில் முன்பே இருந்ததுதான். 1980-களில், பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், சி.எம்.சி.யின் ஜேக்கப் ஜான் குழுவினர் ஒரு ஏற்பாடு செய்தார்கள். அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும், குறிப்பிட்ட சில நோய்களைக் கண்டால் ஒரு தபால் கார்டு போட வேண்டும். மாதா மாதம் அந்தத் தகவல்கள் தொகுக்கப்பட்டு மருத்துவர்களுக்கே இதழாகத் திரும்பி வரும். தனிக் கார்டு ஒன்றுமே சொல்லாது. ஒரே ஊர்ப் பெயர் போட்டு நாலு கார்டு வந்து விழுந்தால், அந்த ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

சரி, சாப்பாட்டுக் கடை நோட்டில் என்னதான் எழுதியிருக்க வேண்டும்? சீனாவின் குவாங்சோ நகரத்து உணவகம் ஒன்று பதில் சொல்கிறது. 2020 ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள். ஜன்னல் இல்லாத, ஏசி போட்ட மூன்றாம் மாடி. வூகானிலிருந்து வந்த ஒரு குடும்பம் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தது. அந்தத் தளத்தில் சாப்பிட்டவர்கள் 83 பேர். நோய் கண்டது பத்துப் பேருக்கு. பத்துப் பேரும் அடுத்தடுத்த மூன்று மேசைக்காரர்கள். ஏசிக் காற்று அந்த மூன்று மேசைகளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. வூகான் குடும்பத்தோடு ஒரு மேசைக்காரர்கள் 53 நிமிடம், மற்றவர்கள் 73 நிமிடம் சேர்ந்து இருந்திருக்கிறார்கள். பரிமாறியவர்கள் யாருக்கும் வரவில்லை. ஆக, வேண்டியது மேசை எண், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், கூப்பிட ஒரு போன் நம்பர்.

ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் டேனரியில் வேலை பார்த்தவரிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார். முடிந்த தோலில் கறை தெரிந்தால் எந்த லாட், எந்த டிரம்மில் சுற்றியது, எந்தத் தேதி என்றுதான் பின்னால் தேடிப் போவார்கள். ஆட்டின் பெயரை யாரும் கேட்பதில்லை.

நாமோ ஆட்டின் பெயரை மட்டும் கேட்டோம். நான் எட்டிப் பார்த்த நோட்டுகளில் நேரத்துக்குப் பத்தியே கிடையாது. தேதிகூட முதல் பக்கத்தோடு நின்றுபோயிருக்கும். அதிகமாகக் கேட்கக் கேட்க, ஜனங்கள் பொய் எழுதுவார்கள். அந்தப் பெரியவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

தென் கொரியா இந்தப் பாடத்தை அடிபட்டுக் கற்றது. 2020 மே மாதம் சியோலின் இட்டேவோன் பகுதி இரவு விடுதிகளில் தொற்று வெடித்தபோது, வருகைப் பட்டியலில் இருந்த சுமார் 5,500 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களைத் தொடர்புகொள்ளவே முடியவில்லை. ஜூனில் க்யூஆர் கோடு வந்தது. அதில் ஒரு நல்ல யோசனை இருந்தது: ஆள் யார் என்பது ஓரிடத்தில், எந்தக் கடைக்கு எப்போது போனார் என்பது வேறிடத்தில். தொற்று வந்தால் மட்டுமே இரண்டும் சேரும். நான்கு வாரத்தில் அழிந்துவிடும். கையால் எழுதும் நோட்டில் செப்டம்பரில் பெயர்ப் பத்தியையே எடுத்துவிட்டார்கள். நோட்டைப் பார்த்துப் பெண்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். 2021 பிப்ரவரியில் போன் நம்பருக்குப் பதிலாக ஆறு எழுத்துக் குறியீடு ஒன்றையே எழுதலாம் என்றார்கள். சிங்கப்பூரில் கதை வேறு. தொற்றுக்கென்று சேர்த்த தகவலைப் போலீசும் வாங்க முடியும் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வெளிப்பட, ஜனங்கள் முகம் சுளித்தார்கள். கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று அடுத்த மாதமே சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

நம் சலூன் நோட்டு நடைமுறைக்கு வந்தபோது இங்கே தனிநபர் தகவலுக்கென்று தனிச் சட்டமே இல்லை. 2023-இல்தான் ஒன்று நிறைவேறியது. ஆனால் அது டிஜிட்டல் தகவலுக்கானது. காகிதத்தில் எழுதியது கணினியில் ஏறினால்தான் அதன் வரம்புக்குள் வரும். லாங் சைஸ் நோட்டு அதற்கு வெளியே.

2022-இல் ஒரு நாள், பாகாயம் பக்கமே வேறொரு சலூனில் சவரத்துக்கு உட்கார்ந்தேன். கடைக்காரர் கத்தியில் வழிந்த நுரையை ஒரு காகிதத் துண்டில் துடைத்துத் துடைத்து என் தோளோரம் வைத்துக்கொண்டே போனார். செய்தித்தாள் என்று நினைத்திருந்தேன். ஸ்கேல் வைத்துப் போட்ட சிவப்புக் கோடு கண்ணில் பட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஊதா மையில் பாதிப் பெயர், அந்தப் பக்கம் நுரையில் கரைந்துகொண்டிருந்த பன்னிரண்டு இலக்கம்.