துக்கத்தைச் சுமப்பது மனமா? உடலா? – உடலே!

நடுவர் அவர்களே! துக்கம் மனசோட சமாச்சாரம்னு எதிரணியில் சொன்னாங்க. நாகப்பட்டினத்தில் எங்க அத்தை. 2004 சுனாமியில் மகனைப் பறிகொடுத்தவங்க. சொட்டுக் கண்ணீர் விடலை. ஆனா, அலை மாதிரி லாரி இரைஞ்சாலே கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இதயத்தில் கோளாறே இல்லைய்யா!

டாக்டர் விளக்கினார்: "ஆபத்து வந்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி அட்ரினலினைக் கொட்டும், தசைகள் ஓடத் தயாராக இறுகும். ஆபத்து நீங்கினால் தணியணும். இவங்க உடம்பு இன்னும் காவல் நிற்குது."

சிகிச்சை நடந்தது. ஒருநாள் பக்கத்து இழவு வீட்டில் பெண்களைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார். அன்று ராத்திரிதான் அசந்து தூங்கினார். நோய் அதோடு போயிடலை, பாரம் குறைஞ்சது. அழுறவங்களை அடக்காதீங்க, தோள் கொடுங்க. சுமந்ததும் உடம்பு, இறக்கி வைத்ததும் உடம்பு! (கைதட்டல்)