வெண்டிலேட்டருக்கு அழகான மூடி! கூடை பின்னி மிஞ்சிய ஒயர் போதும்

சுவரின் உச்சியில், ஜன்னலுக்கு மேலே, பல வீடுகளில் ஒரு திறப்பு இருக்கும். அதுதான் வெண்டிலேட்டர். சூடான காற்றும் புகையும் மேலே ஏறும் குணம் உடையவை. அவை வெளியேறும் வழி அது.

அதே வழியாகத் தூசி உள்ளே வருகிறது. குருவியும் அணிலும் வருகின்றன. பார்ப்பதற்கும் அழகாக இல்லை. உடனே என்ன செய்கிறார்கள்? ஓர் அட்டையை வெட்டி, ஆணி அடித்து அடைத்து விடுகிறார்கள்! பழைய காலண்டரை ஒட்டி விடுகிறவர்களும் உண்டு.

அடைத்தால் ஆபத்து

விறகு அடுப்பு எரியும் வீட்டில் புகை போக வழி இல்லை என்றால், முதலில் இருமுவது யார்? அடுப்படியில் நிற்கும் தாயும், அவள் இடுப்பில் இருக்கும் குழந்தையும்தான்.

கரி நெருப்பு இன்னும் பொல்லாதது. அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மலை ஊர்களில் குளிருக்காக அறைக்குள் கரியை மூட்டி, கதவைச் சாத்திப் படுத்தவர்கள் தூக்கத்திலேயே இறந்திருக்கிறார்கள். படுக்கும் அறையில் கரி நெருப்பு கூடவே கூடாது. வெண்டிலேட்டர் திறந்திருந்தாலும் கூடாது.

ஆகவே, மூடி வேண்டும். ஆனால் அது காற்றை மறிக்காத மூடியாக இருக்க வேண்டும்.

செய்வது எப்படி?

திறப்பு 2 அடி அகலம், 1 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். 1 அங்குல அகல ரீப்பர் கட்டை 7 அடி வாங்கினால் சட்டம் செய்துவிடலாம். மரக்கடையில் துண்டுக் கட்டைகள் மலிவாகவே கிடைக்கும். சட்டத்தின் வெளி அளவு 26 அங்குலமும் 14 அங்குலமும் இருக்கட்டும். அப்போதுதான் அது திறப்பின் மேல் சரியாக உட்காரும்.

அடுத்தது கம்பி வலை. அரை அங்குலச் சதுரக் கண் உள்ள வலையை ஹார்டுவேர் கடையில் அளந்து வெட்டித் தருவார்கள். துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசியதாகப் பார்த்து வாங்க வேண்டும். வெட்டிய முனைகள் கையைக் கிழிக்கும். துணியால் பிடித்துக்கொள்வது நல்லது.

இனிமேல்தான் வேடிக்கை! ஒயர் கூடை பின்னி மிஞ்சிய துண்டுகள் வீட்டில் கிடக்கும் அல்லவா? கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் அந்த ஒயரைப் பெருக்கல் குறி போலக் கோத்து இழுக்க வேண்டும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் முதலில் படம் வரைந்துகொண்டால், ஒரு கட்டத்துக்கு ஒரு தையல் என்று எண்ணி எண்ணிப் போடலாம். குறுக்கே 48 கண், நெடுக்கே 24 கண். கிளி, நட்சத்திரம், தாமரை எல்லாம் அதற்குள் அடங்கும். பிள்ளைகளே போட்டு விடுவார்கள். ஆசையில் வலை முழுவதும் நிரப்பிவிடக் கூடாது. காலில் ஒரு பங்கு இடத்தோடு நிறுத்த வேண்டும்.

பின்னிய வலையைச் சட்டத்தின் பின்புறம் யூ ஆணியால் அடித்தால் மூடி தயார்.

கொசுவுக்கு என்ன வழி?

இந்தக் கண்ணில் குருவி நுழையாது; கொசு நுழையும். வலைக்குப் பின்னால் நைலான் கொசு வலை ஒன்றைக் கட்டினால் போதும். அதில் தூசி சீக்கிரம் அடையும். மாதம் ஒரு முறை அலசாவிட்டால் அட்டை வைத்து அடைத்ததற்குச் சமம்! அதனால் மூடியைச் சுவரோடு அறைந்துவிடாமல் கொக்கியில் மாட்ட வேண்டும்.

சமையல் அறைக்கு ஒயரும் வேண்டாம், கொசு வலையும் வேண்டாம். ஒன்று சூட்டில் இளகும். மற்றொன்றில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். அங்கே கம்பி வலைக்குப் பெயிண்ட் அடித்தாலே அழகுதான். இன்னொன்று: சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தங்கும். உயரத்தில் உள்ள வெண்டிலேட்டரை நம்பாமல் கதவையும் ஜன்னலையும் திறக்க வேண்டும்.

மாட்டுவதற்கு முன் திறப்பில் குருவிக் கூடு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். முட்டையோ குஞ்சோ இருந்தால் ஒரு மாதம் பொறுத்தால் போதும். அதற்குள் குஞ்சுகள் பறந்துவிடும்.