மார்கழிக் கிணறும் மிச்சிகன் வீடும்

நகரியில் வளர்ந்தவர்களுக்குக் கிணற்றடியின் ஒரு விந்தை நினைவிருக்கும். மார்கழி விடியற்காலையில் மலைப்பக்கமிருந்து குளிர்காற்று வீசும்போது, கிணற்றிலிருந்து சேந்திய நீர் வெதுவெதுவென்று இருக்கும். வாளியின் மேல் மெல்லிய ஆவி பறக்கும். அதே கிணற்று நீர் அக்னி நட்சத்திரத்தில் தலையில் விழுந்தால் உடம்பு சிலிர்க்கும். நமக்கு எப்போது எது வேண்டுமென்று கிணற்றுக்குத் தெரியும் என்பார் என் பாட்டி.

உண்மையில் கிணறு மாறுவதில்லை. நிலத்தடி நீர் அந்தந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டி, எல்லா மாதங்களிலும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கிறது. மாறுவது மேலே வீசும் காற்றுதான்.

தென் மிச்சிகனிலும் இதே கதைதான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே போனாலும், கிணற்று நீர் ஏறக்குறைய 50 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்கும். எரிவாயுக் குழாய் எட்டாத ஊர்ப்புறங்களில் வீடு வாங்கிய நம்மவர் சிலரின் நிலவறையில், இந்த நீரைக் கொண்டு வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் இருக்கிறது. அதுதான் நீர்வழி ஹீட் பம்ப். வீட்டோடு வந்தது, ஓடுகிறது, அவ்வளவுதான் என்று இருந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

எப்படி வேலை செய்கிறது?

குளிர்சாதனப் பெட்டி உள்ளிருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறதல்லவா? அதே வேலைதான். கிணற்று நீரிலிருந்து ஐந்தாறு டிகிரி சூட்டை உறிஞ்சி, கம்ப்ரஸரால் அதை உயர்த்தி, வீட்டுக்குள் விடுகிறது. கோடையில் திசை மாறி, வீட்டுச் சூட்டை நீருக்குத் தள்ளுகிறது. இந்த யோசனையை 1852-லேயே கெல்வின் பிரபு சொன்னார். 1938-ல் சூரிச் நகர மன்றக் கட்டடத்தை லிம்மாட் ஆற்று நீரைக்கொண்டு சூடாக்கினார்கள்.

ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று, நான்கு பங்கு சூடு கிடைப்பதே இதன் பெருமை. ஆனால் இயந்திரம் முடங்கினால் துணைக்கு இருக்கும் மின்கம்பிச் சூடேற்றி தானாக வேலையை எடுத்துக்கொள்ளும். அதில் ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஒரு பங்கு சூடுதான். வீடு கதகதப்பாகவே இருப்பதால் நமக்கு எதுவும் தெரியாது.

நான் கற்ற பாடம்

2014 ஜனவரியில் அடித்த கடுங்குளிரை இங்கிருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். அம்மாத மின்கட்டணம் வந்தபோது அதற்கு முந்தைய ஆண்டின் ஜனவரியைவிட இரண்டு மடங்குக்கும் மேல். குளிர் அதிகம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிப்ரவரியிலும் அப்படியே வந்தபின்தான் தொழில்நுட்பரை அழைத்தேன். தெர்மோஸ்டாட்டில் துணைச் சூடேற்றியின் சிறு விளக்கு வாரக்கணக்காக எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

அவர் நீர்க்குழாயிலிருந்த வடிகட்டியைக் கழற்றிக் காட்டினார். செம்பழுப்புச் சேறு அடைத்து, ஊசிமுனை வழிதான் மிச்சம். நீர் போதாமல், உள்ளே உறைந்துவிடக்கூடாதென்று கம்ப்ரஸர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருந்தது. "கடைசியாக எப்போது இதைக் கழுவினீர்கள்?" என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

அன்றிரவு அப்பா நினைவுக்கு வந்தார். சித்திரையில் தண்ணீர் இறங்கியதும் ஆள் வைத்துக் கிணற்றில் தூர் வாருவார். தண்ணீர்தான் இருக்கிறதே, ஏன் வீண் செலவு என்று அம்மா கேட்பார். "வத்தின பிறகு வாரி என்ன பிரயோஜனம்?" என்பார் அப்பா.

நாமே செய்யக்கூடியவை

காற்று வடிகட்டியை மாதம் ஒருமுறை பாருங்கள், அழுக்கென்றால் மாற்றுங்கள். நம் வீட்டுத் தாளிப்புப் புகையும் சாம்பிராணியும் அதைச் சீக்கிரம் அடைத்துவிடும். அடைத்தால் குளிர்காலத்தில் அழுத்தம் கூடி இயந்திரம் நிற்கும். கோடையில் உள்ளே பனி கட்டும்.

நீர் வடிகட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இயந்திரத்தை நிறுத்தி, வால்வுகளை மூடிவிட்டுக் கழுவுங்கள். உங்கள் நீரில் இரும்பு உண்டா என்றறிய, கழிப்பறைத் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். செம்பழுப்பு வழவழப்பு இருந்தால் மாதம் ஒருமுறை கழுவுவது நல்லது.

நீர் உள்ளே வரும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் ஒவ்வொரு வெப்பமானி பொருத்தி, வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். சூடேற்றும்போது ஐந்து முதல் எட்டு டிகிரி வரை வித்தியாசம் இயல்பு. அது பெரிதானால் நீர் குறைகிறது. நீரோட்டம் சரியாக இருந்தும் சிறிதானால், சுருளுக்குள் உப்புப் படிந்திருக்கலாம். வெந்நீர் அண்டாவின் அடியில் படியும் அதே வெள்ளைப் பொருக்குதான். அதை அமிலக் கரைசல் சுற்றவிட்டுக் கரைப்பது தொழில்நுட்பரின் வேலை. நாம் கைவைக்க வேண்டாம்.

கோடை தொடங்குமுன், காற்றில் வடியும் நீர் வெளியேறும் சிறு குழாயில் ஒரு கோப்பை வினிகர் ஊற்றிக் கழுவுங்கள். இல்லாவிட்டால் பாசி அடைத்து நிலவறையில் நீர் தேங்கும்.

கிணறில்லாமல், மண்ணுக்குள் புதைத்த மூடிய குழாய்ச் சுற்று உள்ளவர்களுக்கு நீர் வடிகட்டித் தொல்லை குறைவு. அவர்கள் சுற்றின் அழுத்தத்தையும், உறைதடுப்புத் திரவத்தின் வீரியத்தையும் ஆண்டுக்கொருமுறை சோதிக்கச் சொல்லவேண்டும்.

குளிரூட்டும் வாயுவை இங்கே உரிமம் பெற்றவர்தான் தொடலாம். பழைய இயந்திரங்களில் உள்ள ஆர்-22 வாயுவின் உற்பத்தியும் இறக்குமதியும் அமெரிக்காவில் 2020-ல் நின்றுவிட்டதால், சிறு கசிவும் பெரிய செலவாகிவிடும்.

ஊருக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

டிசம்பரில் குழந்தைகளின் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது, மிச்சம் பிடிப்பதாக எண்ணி எல்லா மின்விசைகளையும் அணைத்துவிட்டுப் போகாதீர்கள். வீடு உறைநிலைக்குக் கீழே இறங்கினால் சுருளில் நிற்கும் கிணற்று நீர் உறைந்து குழாயைப் பிளக்கும். நீர் வாயுச் சுற்றுக்குள் புகுந்தால் கம்ப்ரஸரோடு எல்லாம் போயிற்று. தெர்மோஸ்டாட்டை 55 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். சாவியை ஒரு நண்பரிடம் கொடுத்து, இரண்டு நாளைக்கொருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் நின்றாலும் இதே அபாயம் உண்டு.

நகரி வீட்டுக் கிணறு இன்று வற்றிக் கிடக்கிறது. ஆழ்குழாய் வந்தபின் யாரும் தூர் வாரவில்லை; ஒருநாள் பார்த்தபோது நீரும் இல்லை. இங்கே நிலவறைக்குள் வரும் கிணறாவது நம் கவனத்தில் இருக்கட்டும். இந்தச் சனிக்கிழமை ஒரு டார்ச் விளக்கோடு கீழே இறங்கி, அந்த வடிகட்டி எங்கே இருக்கிறதென்று முதலில் கண்டுபிடியுங்கள். உங்கள் அனுபவங்களையும் நம் இதழுக்கு எழுதுங்கள். அடுத்தவர் வீட்டுக் கட்டணமாவது குறையட்டும்.